பின்னால் வந்த கார்

அம்மாவுக்கு, தணிகை எழுதுறேன். முட்டிவலி குறைஞ்சுதா? நான் நல்லா இருக்கேன்.

பொம்மசந்திரா ஷெட்டுல, படுக்கை, அடுப்பெல்லாம் வெச்ச கேரவன் வண்டி செய்யறோம். நேத்து அதுக்குப் பின்னால ஒரு காரைக் கட்டி இழுத்துட்டுப் போனேன். நான் பிரேக் மிதிச்சா, ஆளில்லாத காரோட பிரேக்கை ஒரு பெட்டி அழுத்தும். இல்லேன்னா கார் நம்மளைத் தள்ளிடும். இறக்கத்துல மாடு குறுக்க வந்துச்சு. மிதிச்சேன், ரெண்டும் பூப்போல நின்னுச்சு.

திரும்பி வந்தா, கூட வேலை செய்யற உமேஷ், "மச்சா, எலுமிச்சம்பழம் வெக்கிற அவசரத்துல பெட்டிய மாட்டவே இல்லடா!"ன்னான்.

பூட்டின காருக்குள்ள எட்டிப் பார்த்தேன். பிரேக் பெடல் அழுந்தியே இருந்துச்சு. நான் பார்க்கப் பார்க்க மெல்ல மேல வந்துச்சு.

இங்க குளிர். உன் பழைய போர்வையை அனுப்பு. உமேஷ் கூப்பிடுறான். நாளைக்கும் அதே கார்தான். தனியாப் போறேனேன்னு கவலைப்படாத.