ஹாரிஸின் இடுப்பு

அத்தா,

அம்மாவும் ஹாரிஸும் தூங்குகிறார்கள். இட்லி ஹாட்பாக்சில். நேற்று சாப்பிடாமல் ஷிப்ட்டுக்குப் போனதற்கும் சேர்த்துச் சாப்பிடுங்கள்.

"ஹாரிஸுக்கு ஏழு வயசாச்சு. புள்ளைக்குத் தொழக்கூடக் கத்துக் குடுக்காதவன் இன்னா அத்தா?" என்று உங்களையே திட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். பதில் சொல்வதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது.

பதில் இதுதான். இன்று விடியற்காலையில் ஹாரிஸ் என் பக்கத்தில் நின்று தொழுதுவிட்டுத்தான் மறுபடி படுத்தான். தரையில் நெற்றி வைத்த ஒவ்வொரு சஜ்தாவிலிருந்தும் எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லாஹ்" என்று நீளமாக முனகினான்.

"இன்னாடா இது?"

"அத்தா அப்டித்தான் எழுந்திருப்பாரு. உனக்குத் தெரியாதா?"

ராத்திரி முழுக்க கம்பெனி லைனில் நிற்கிற இடுப்பு உங்களுடையது. அவனுடையது இரண்டாம் வகுப்பு பெஞ்சில் உட்காருவது. ஆக, பாடம் நடந்திருக்கிறது. உங்கள் கம்பெனி பாஷையில், கொஞ்சம் ரீவொர்க் மட்டும் பாக்கி.

இன்று அவனுக்கு ஸ்கூல் லீவு. மத்தியானம் ஜும்மா தொழுகைக்கு நீங்களே கூட்டிப் போங்கள். என் பக்கத்தில் நின்றால் என் கொட்டாவியையும் கடமையாக்கிவிடுவான்.

காலேஜ் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்.

நவாஸ்

பின்குறிப்பு: பைக் சாவி ஃப்ரிட்ஜ் மேலே. பெட்ரோல் இல்லை, நான் காரணமில்லை.

இன்னொன்று: தைலம் ஜன்னலில் இருக்கிறது. தேய்த்துக்கொள்ளுங்கள். அவனும் இடுப்பைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பான். சிரிக்காமல் அவனுக்கும் கொஞ்சம் தேய்த்துவிடுங்கள்.