இரண்டு பை இலை

இன்று மார்கழி பதினொன்று. எனக்கு எண்பத்தொரு வயது, நான்கு மாதம், ஆறு நாள். நீ போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது.

காலையில் மாடம்பாக்கத்து நர்சரிக்கு ரோஜாச் செடிக்காக மண் வாங்கப் போனேன். கடைக்காரர் ஒரு சாக்கின் வாயைப் பிரித்தார். "இதுல ஒரு பிடி போட்டுப் பாரும்மா. செடி எப்டி வர்துன்னு நீயே வந்து சொல்லுவ." சூப்பர் பாஸ்பேட் உரம். அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியது. உன் மகன் தொலைபேசியில் செய்தி சொன்னபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதும் ஒன்றும் ஆகவில்லை. மண் வாங்காமல் திரும்பிவிட்டேன், அவ்வளவுதான்.

தாம்பரத்தில் நாம் விரிவுரையாளர்களாக இருந்த நாட்களில் இருவருக்கும் ஒரே ஆய்வு மேசை. பாஸ்பேட் உரத்தோடு கலந்து வரும் ஃபுளோரைடு தேயிலைக்குள் ஏறுகிறது என்று நிறுவுவதே உன் முனைவர் பட்ட ஆய்வு. உரமிட்ட பாத்தி ஒன்று, இடாத பாத்தி ஒன்று. முதல் ஆண்டு நீயே மலைக்குப் போய், இரண்டிலும் ஒரு மொட்டும் இரண்டு இலையுமாகத் தளிரை மட்டும் எண்ணிப் பறித்து வந்தாய். மின் உலையில் சாம்பலாக்கி அளந்தோம். "ஊரே டீ குடிக்குது, நாம ரெண்டு பேரும் எரிச்சுக்கிட்டிருக்கோம்டி" என்றாய். உரமிட்ட இலையில் ஃபுளோரைடு தெளிவாகக் கூடியிருந்தது. இன்னொரு பருவமும் செய்து காட்டச் சொன்னார் உன் நெறியாளர்.

மறு ஆண்டு உன் அம்மா படுக்கையில் விழுந்தார்; நீ ஊருக்குப் போய்விட்டாய். தோட்டத்து ஆட்கள் பறித்த இலை இரண்டு பைகளில் பஸ் பார்சலாக வந்தது. நான் வாங்கி, உலர்த்தி, பொடித்து, பெயரெழுதி வைத்தேன். "நீ மட்டும் இல்லன்னா இந்த வருஷமே வீணாயிருக்கும்டி" என்று திரும்பி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

முடிவு தலைகீழாக வந்தது. உரமிடாத இலையில்தான் அதிகம். மூன்று முறை அளந்தாய். கருவியைச் சந்தேகித்தாய், தண்ணீரைச் சந்தேகித்தாய், கடைசியில் உன் முதல் ஆண்டையே சந்தேகித்தாய்.

"இலை எப்படிடி இருந்துது?" என்று ஒருமுறை கேட்டாய்.

"இலை மாதிரி இருந்தது" என்றேன். சிரித்துவிட்டாய்.

நெறியாளர் கைவிட்டார். நீ ஆய்விலிருந்து விலகினாய். பட்டம் பெற்றவருக்கே துறைத் தலைமை என்றார்கள். பட்டம் வாங்கியிருந்த எனக்கு அது வந்தது. நீ ஓய்வு பெறும்வரை என் கையெழுத்துக்காக விடுப்புக் கடிதம் நீட்டினாய்.

வெள்ளம் வந்த ஆண்டு, உன் முடிச்சூர் வீட்டில் நனைந்து ஊதிய ஆய்வு நோட்டுகளை வாசலில் குவித்தோம். "போகட்டும் விடு. தப்பா அளந்ததுதானே" என்றாய். நான் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

நீ தப்பாக அளக்கவில்லை. பார்சலைப் பிரித்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. உரமிட்ட பையில் முழுக்கத் தளிர்; அந்தப் பாத்தி வேகமாகத் துளிர்த்திருக்கும். உரமிடாத பாத்தியில் தளிர் போதவில்லை. பையை நிரப்ப, அடிக்கிளைகளில் முற்றிக் கிடந்த இலைகளை உருவிப் போட்டிருந்தார்கள். முற்றிய இலையில் ஃபுளோரைடு பல மடங்கு தேங்கியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். பொடித்துவிட்டால் தளிர் எது, முற்றல் எது என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது என்பதும் தெரியும்.

பொடித்தேன்.