பேரத்தின் நடுவே

அன்பு மகளுக்கு,

இதயத் துடிப்புக்கான மாத்திரையை நானாகவே நிறுத்தினேன். நேற்று நம் கடைக்குச் சரக்கு எடுக்கப் போன மொத்த விலைத் துணிக்கடையில் மயங்கி விழுந்தேன். இப்போது தேவலை.

மாத்திரை தொடங்கியதிலிருந்து அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓட வேண்டியிருந்தது. பேரத்தின் நடுவே எழுந்தால், விலை பிடிக்காமல் கிளம்புகிறேன் என்று நினைத்துக் கடைக்காரர் இறங்கி வருவார். விஷயம் தெரிந்ததும், "போய்ட்டு வாங்க முதலாளி, விலை இங்கயேதான் இருக்கும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பொறுக்காமல்தான் மாத்திரையை நிறுத்தினேன்.

நேற்று நான் விழுந்ததை விலை குறைக்கும் தந்திரம் என்று நினைத்து, கடைக்காரர் "சரி, உங்க விலைக்கே தர்றேன், எழுந்திருங்க" என்றாராம்.

டாக்டர் திட்டினார். "அடிக்கடி சிறுநீர் போறது மாத்திரையாலயும் இருக்கலாம், சர்க்கரையாலயும் இருக்கலாம். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

அவரிடம் பேரம் பேசத் தெம்பில்லை. முடித்தது இதுதான்: மாத்திரையை நான் விடுவதில்லை, சர்க்கரைப் பரிசோதனை முடிவைப் பார்த்து, தேவையென்றால் அவர் மாற்றித் தருவார், அதுவரை கொள்முதலுக்கு உன் அம்மாதான் போவாள்.

அப்பா