நாற்பத்தொரு தாள்கள்

ஜூலை 8, திங்கள்

மாணவர்களின் சலிப்பும் வாழ்க்கைப் பிடிப்பும் பற்றி ஆய்வாம். நிர்வாகம் கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறது. இருபது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். ‘என் வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது’ என்பது பதினொன்றாவது. என் புள்ளியியல் வகுப்பு பத்து நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டது. எல்லாம் ஐந்தும் ஆறும். நல்ல பிள்ளைகள்.

கடைசி வரிசைப் பெண் மட்டும் வெற்றுத்தாளைத் திருப்பிக் கொடுத்தாள். ஆசிரியர் அறையில் அவளுக்குப் பெயரே ‘கொட்டாவி’. வாயைக்கூடப் பொத்த மாட்டாள்.

ஜூலை 9

கொட்டாவி படிப்பை விட்டு நிற்கப்போகிறாள். விலகல் விண்ணப்பத்தோடு வந்தாள். வகுப்பு ஆசிரியை நான் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. வீட்டில் கஷ்டமா, உடம்புக்கு ஏதாவதா, யாராவது ஏதும் சொன்னார்களா — எதுவுமில்லை.

“போரடிக்குது மேடம். வேற ஒண்ணும் இல்ல.”

கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை போடுகிறேன், அதற்குள் அந்தத் தாளையாவது நிரப்பிக் கொண்டு வா என்றேன்.

“எப்போ நிரப்பணும்? காலைலயா, மத்தியானமா? நேரத்துக்கு ஒண்ணு வருமே.”

குதர்க்கம் என்று நினைத்து, உன் இஷ்டம் என்றேன்.

ஜூலை 10

வீட்டில் இவரிடம் சொன்னேன். “உன் கிளாஸ்ல உக்காந்தா எனக்கும் அப்படித்தான் இருக்கும்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 12, வெள்ளி

நாற்பத்தொரு தாள்கள்! நகலெடுத்து, மூன்று நாளாக மணிக்கொன்று நிரப்பியிருக்கிறாள். பேருந்தில், கேன்டீனில், அக்கா குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டு. ஒவ்வொன்றின் மூலையிலும் நேரமும் இடமும். கூடவே, மணிக்கு மணி எண்கள் ஏறி இறங்குவதைக் கோடிழுத்துக் காட்டும் ஒரு வரைபடம்.

நான் எல்லோரிடமும் ஒரே ஒரு தடவை கேட்டு, சராசரி எடுத்து அனுப்பவிருந்தேன். பத்தொன்பது வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறவள். எனக்குத் தோன்றவில்லையே?

கோடு அதலபாதாளத்துக்கு இறங்கும் இடங்களைப் பார்த்தேன். புதன், இரண்டு மணி. வியாழன், இரண்டு மணி. என் வகுப்பு.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வந்ததத்தான் போட்டிருக்கேன்.”

கையெழுத்துக்கு வந்து நிற்கும் இடத்தில், ஓர் எண்ணைக்கூட எனக்காகக் கூட்டிப் போடவில்லை. இந்த நேர்மை எனக்கு அவள் வயதில் இருந்ததா? இப்போதாவது?

மிக உயரமான புள்ளி வியாழன் மாலை. மூலையில்: ‘5.30, வீடு, வரைபடம் போடுறேன்.’ விரல் வைத்துக் காட்டினேன். நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சொன்ன சொல்லுக்காகக் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை எடுத்துக்கிறேன் என்று விண்ணப்பத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

ஜூலை 14

நானும் ஒரு தாள் நிரப்பினேன், இரண்டு மணி வகுப்பை நினைத்துக்கொண்டு. பதினொன்றாவது வாக்கியத்துக்கு மூன்று.

ஜூலை 15, திங்கள்

வருடாவருடம் பார்த்து நடத்தும் பழைய குறிப்பேட்டை வகுப்புக்கு எடுத்துப் போகவில்லை. அவளிடம் கேட்டுக்கொண்டு, யாருடையது என்று சொல்லாமல், நாற்பத்தொரு தாளையும் வகுப்பில் பிரித்துக் கொடுத்தேன். ஒரே சண்டை. இதில் திங்கட்கிழமையே இல்லையே, எப்படி நம்புவது என்று முன்வரிசைக்காரி பிடித்துக்கொண்டாள். கொட்டாவி பதில் சொல்ல எழுந்து, தானே மாட்டிக்கொண்டாள்.

மணி அடித்ததும் என் அறைக்கு வந்து விண்ணப்பத்தைக் கேட்டாள். கொடுத்தேன்.

திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலி. என் அளவுகோலை எடுத்து, நின்றபடியே கட்டம் போட ஆரம்பித்தாள். நடுவில் ஒரு கொட்டாவி வேறு.

‘திங்கள், 3.10, மேடம் ரூம்’ என்று எழுதினாள். எண்ணைப் போடும்போது மட்டும் கையால் மறைத்துக்கொண்டாள்.