கதவு போடாத வீடு

கல்முனைக்குடி
2009.07.03

அன்பு மகள் ஸம்றாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா எழுதுகிறேன். நானும் உன் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் ராஹத்தாக இருக்கிறோம், நீயும் உன் அறைப் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறோம். போனில் கதைக்காமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போன் என்றால் மூன்றாவது வார்த்தையில் உன் உம்மா பறித்துக்கொள்வார், பிறகு சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்பதோடு போனில் போட்ட காசு முடிந்துவிடும். இது அப்படி முடிக்கிற விசயம் இல்லை, அதனால் ஜும்ஆ முடிந்து வந்து ஆறுதலாக உட்கார்ந்திருக்கிறேன்.

வரிப்பத்தான்சேனை வயலில் சிறுபோகம் குறையில்லை. போன கிழமை இரண்டு யானை இறங்கி ஒரு மூலையை மிதித்துவிட்டுப் போயின, மற்றது தப்பியது. சண்டை முடிந்ததிலிருந்து வழியில் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறுகிற வேலை குறைந்துவிட்டது, பழக்கத்தில் அடையாள அட்டையை எடுக்கக் கை சட்டைப் பைக்குப் போகிறது, யாரும் கேட்பதில்லை. அப்போதெல்லாம் உன்னை முதன்முதலாகக் கம்பஸுக்குக் கூட்டிப்போன நாள்தான் நினைவுக்கு வருகிறது. ஏழு இடத்தில் இறக்கி ஏற்றினார்கள். ஓரிடத்தில் ஒரு பெண் பொலிஸ் உன் கணக்கியல் கொப்பியைப் புரட்டி இது என்ன என்று கேட்க, நீ தெரிந்த நாலு சிங்களச் சொல்லை வைத்து அவளுக்கு ஐந்தொகையை விளங்கப்படுத்தப் போய், பஸ்ஸே உனக்காகக் காத்து நின்றது. சாரதி ஏசினான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

மகள், உன் போன கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். கொழும்பில் அந்தக் கணக்காய்வு நிறுவனத்தில் மூன்று வருசப் பயிற்சிக்கு உன்னை எடுத்திருப்பதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். நேர்முகத்தில் என்ன கேட்டார்கள், வருச முடிவில் கிட்டங்கி கிட்டங்கியாகப் போய்ச் சாமான் எப்படிச் சரிபார்ப்பார்கள், பட்டயக் கணக்காளர் ஆக இன்னும் எத்தனை சோதனை, எல்லாம் எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரே ஒரு வரி. வீடு முடியப்போகிறதுதானே வாப்பா, பதினைந்தாம் திகதிக்குள் பயிற்சி வேண்டாம் என்று அறிவித்துவிட்டு, சோதனை முடிந்ததும் வந்துவிடுகிறேன். எனக்கு உன் ஐந்தொகை பார்க்கத் தெரியாது. ஆனால் ஒன்றரைப் பக்கம் எது, ஒரு வரி எது என்று தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையை நாம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. இன்று பேசுகிறேன். கடல் வருகிறது என்று தெருவே ஓட, உன் உம்மா உறுதிப் பையை எடுங்கள் என்று கத்தினார். ஆணியில் ஒரே கடையின் இரண்டு நீலப் பைகள் தொங்கின, ஒன்றில் உம்மாவின் சீதனக் காணி உறுதி, மற்றதில் உன் கொப்பிகள். நான் கைக்கு வந்ததை இழுத்துக்கொண்டு உன்னையும் பிடித்து ஓடினேன். நாம் போய் ஒதுங்கிய பள்ளிக்கூடத்தில் பையைத் திறந்து பார்த்த உன் உம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “என்ட உறுதியக் கடலுக்குக் குடுத்துட்டு, கொப்பியத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே மனிசன்.” பிறகு ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை.

கடல் கொண்டுபோனவர்களின் மையித்தைத் தேடி ஊரே அலைந்த நேரம். நீ வகுப்பு வாங்கு ஒன்றில் உட்கார்ந்து பழைய கொப்பியை விரித்துக் கணக்குச் செய்துகொண்டிருந்தாய். எனக்கு வந்த கோபத்துக்கு, உனக்கு ஈரல் இரக்கம் இல்லையா என்று எல்லாருக்கும் முன்னால் ஏசினேன். நீ தலை நிமிராமல், “இதாவது சரி வரட்டும் வாப்பா” என்றாய். அசர் தொழுகைக்குப் பிறகு கொண்டுவந்து காட்டினாய், பரீட்சை மீதி இரண்டு பக்கமும் ஒத்து வந்துவிட்டது என்றாய். எனக்கு ஒரு இழவும் விளங்கவில்லை. ஆனாலும் கடல் வந்த பிறகு நான் முதன்முதலாக அழுதது அப்போதுதான். ஏசியதற்கு உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை, இப்போது கேட்கிறேன்.

உறுதியின் பிரதியைப் பிறகு காணிக் கந்தோரில் எடுத்தோம், எடுத்தும் கடலுக்குக் கிட்ட என்று அங்கே கட்ட விடவில்லை. அதனால்தான் வயல் பக்கம் இந்த வளவை வாங்கி, உனக்கென்று இந்த வீட்டைத் தொடங்கினேன். சுவர் பூசியாகிவிட்டது, ஓடு போட்டாகிவிட்டது, கதவு ஜன்னல்தான் மிச்சம். வீடு முடியாமல் கலியாணத்துக்கு நாள் வைக்கிற வழக்கம் நம் ஊரில் இல்லை. பெண்ணைப் பெற்றவன் வீடு கட்டியே கிழவனாகிறான் என்று எத்தனை தரம் புலம்பியிருப்பேன், அந்த வழக்கம் ஒரு நாள் எனக்கு உதவும் என்று நினைக்கவே இல்லை.

உன் கடிதம் வந்த நாலாம் நாள், உம்மாவுக்குத் தெரியாமல் றஸாக் ஓடாவியின் தச்சுப் பட்டறைக்குப் போய், கதவு வேலையை இப்போதைக்கு நிறுத்து என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, உங்கட வீட்டு ராத்தா முந்தநாளே வந்து சொல்லிவிட்டாவே என்றார். வீட்டுக்கு வந்து கேட்டேன். உன் உம்மா மீன் கழுவிக்கொண்டே, வயதுக்கு வந்து கொமராகிவிட்டேன் என்று எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோது யாரும் என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்றார்.

போன செவ்வாய் உன் ஜெமீலா மாமி வந்தார். மகன் ஹிஷாமுக்கு அக்கரைப்பற்றுப் பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டதாம், இனி உங்கள் இருவருக்கும் நாள் வைக்கலாமே என்று வந்திருக்கிறார். கதவில்லாத வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏன் சுணக்கம் என்று கேட்டார். நான் என் தங்கைக்குக் கதிரை இழுத்துப் போட, உன் உம்மா முந்திக்கொண்டு, “முதிரைப் பலகை இன்னும் காயல்ல மதினி” என்றார். எவ்வளவு காலம் காயும் என்று மாமி கேட்க, மூன்று வருசம் என்றார், முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கொழும்புப் பயிற்சி மாமிக்கும் தெரியும், ஹிஷாமிடம் நீதானே சொல்லியிருக்கிறாய். தேநீரைக் கடைசி மிடறுவரை குடித்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு, “ஓம் மதினி, நல்ல மரமெண்டா அப்பிடித்தான். அவசரப்பட்டாக் கதவு கோணிரும்” என்றார். போகும்போது உன் கடைசிச் சோதனை எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொண்டும் போனார்.

ஆகவே மகள், வீட்டைச் சாட்டிக்கொண்டு வராதே. பதினைந்தாம் திகதிக்கு முன் அவர்களுக்குச் சம்மதம் என்று எழுது, எழுதிவிட்டு எனக்கும் ஒரு வரி போடு. வெயிலில் கிட்டங்கிக்குள் நிற்கும்போது தண்ணீர் குடி. மற்றவர் ஒப்பமிடச் சொன்னால் வாசிக்காமல் ஒப்பமிடாதே. தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் அறிவில் பரக்கத் செய்வானாக, போகிற வழியெல்லாம் உனக்குக் காவலாக இருப்பானாக.

இவ்வளவும் எழுதி உம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். பை விசயம் வந்த இடத்தில் நிறுத்தி, அன்றைக்குத் தெரிந்துதான் அந்தப் பையைத் தூக்கினீர்களா, அதையும் பிள்ளைக்கு எழுதுங்கள் என்கிறார். இல்லை மகள், அன்றைக்குத் தெரியாமல்தான் தூக்கினேன். இந்த முறை தெரிந்துதான் செய்கிறேன்.

உன் வாப்பா,
அபுல் ஹஸன்