யஸ்த் வீட்டுக் கதவு வளையம்

காலையில் கூரியர் வந்தது. பிரித்ததும் ஏலக்காயும் பன்னீரும் கலந்த வாசனை. திருப்பதி கல்லூரி விடுதி அறையில் நீ பெட்டியைத் திறக்கும்போது வருமே, அதே வாசனை. ஈரானிலிருந்து உன் தங்கை அனுப்பியிருக்கிறாள். பஞ்சுமிட்டாய் மாதிரி இருக்கும் உங்கள் யஸ்த் ஊர் இனிப்பு ஒரு டப்பா. அதன் அடியில், துணியில் சுற்றி, ஓர் இரும்பு வளையம். கூடவே ஒரு கடிதம். நீ கண்மூடி நாற்பதாம் நாள் முடிந்துதான் இதை அனுப்பினார்களாம்.

அந்த வளையத்தை எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் கதவில் இருந்தது, அதன் சத்தத்தைப் படிக்கிற மேஜையில் தட்டிக் காட்டுவாய். "கதவைத் தட்டறதுக்கு ஆம்பளைக்கு தடிக் கட்டை, பொம்பளைக்கு வளையம். ரெண்டும் வேற சத்தம். யாரு வந்துக்கிறாங்கன்னு உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியும்." என்னிடம் கற்ற எங்கள் நகரி ஊர்த் தமிழ், அதில் உன் பாரசீக இழுப்பு வேறு.

யஸ்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் யாராவது வழி கேட்டால் சொல்லிவிடுவேன். இரண்டு பாலைவனத்துக்கு நடுவே மண் வீடுகள். வெயில் படாமல் மேலே மூடிய சந்துகள். கூரைமேல் காற்றுக் கோபுரங்கள், போகிற காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்குமாம். மலையடித் தண்ணீர் நிலத்துக்கடியில் சுரங்கம் வழியாக வந்து சேருமாம். நெருப்பை அணையவிடாமல் கும்பிடுகிறவர்களும் தொழுகைக்குப் போகிறவர்களும் ஒரே ஊர். படையெடுத்து வந்தவர்கள்கூட உங்களை விட்டுவைத்தார்கள் என்று பெருமையடிப்பாய். "உங்க மண்ணையும் வெயிலையும் எடுத்துக்கினு போய் என்னா பண்ணுவாங்க?" என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்த ஊர் உன்னுடையது. அதனால்தானோ என்னவோ, முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது தறிச் சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்டாய். ஒரு கூத்தும் அன்றைக்குத்தான் நடந்தது. அம்மா, "துன்னுறியாம்மா?" என்றாள். வேணாம் என்றாய். தறி ஓடுகிற வீட்டில் யாருக்கு உபசாரம் பண்ண நேரம்? வேணாம் என்றால் வேணாம்தான், அம்மா சட்டியை மூடிவிட்டாள். அடுத்த வேளையும் அப்படியே. மறுநாள் கண் கலங்க என்னை மாடிப்படிக்கு இழுத்துப் போனாய்.

"எங்க ஊர்ல மூணு தடவை வேணாம் சொல்லணும், அதுதான் மரியாதை. நாலாவது தடவை கேட்டா துன்னுவோம். உங்கம்மா ஒரே தடவை கேக்கறாங்க."

நான் போய்ச் சொன்னதும் அப்பா, எங்கள் நைனா, விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் நீ எப்போது வந்தாலும் அம்மா ஒரே மூச்சில் நாலு தடவை கேட்டுவிட்டுத் தட்டை வைப்பாள்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பியபின் யஸ்துக்கு வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டாய். ஸ்ரீ சிட்டி கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்த வருஷம் முதல் தடவை. "வா, வளையத்தைத் தட்டு, நானே வந்து தொறக்கறேன்." உனக்கெதுக்குச் சிரமம், வேணாம் என்றேன். உன் ஊர் மரியாதையை உன்னிடமே காட்டுகிற கொழுப்பு எனக்கு. நைனா தவறியபோது, மனசுக்கு மாறுதலாக இருக்கட்டும் என்று இரண்டாவது தடவை கூப்பிட்டாய். மூன்றாவது, போன வருஷம். குரல் தேய்ந்திருந்தது, காய்ச்சல் என்றாய். அப்போதும் வேணாம் என்றேன். பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிட்டுத்தான் சொன்னேன். சூப்பர்வைசரிடம் லீவுக்கும் சொல்லியிருந்தேன். வரணும்னு ஏங்கிக்கினு இருந்தேன்டி. இன்னொரு தடவை நீ கேட்டால் போதும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்கவில்லை. ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நீ படுக்கையில் கிடந்த கடைசி வாரம், இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார் என்று தங்கை கெஞ்சினாளாம். நீ சொன்னதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறாள்: "அவங்க வீட்டுல வேணாம்னா வேணாம்தான். தொந்தரவு பண்ணக் கூடாது."

என் ஊர்ப் பழக்கத்தை நீ எடுத்துக்கொண்டாய், உன் ஊர்ப் பழக்கத்தை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பாவி, இதைச் சொல்லிச் சிரிக்கவும் நீ இல்லை.

வளையத்தை எங்கள் வாசல் கதவில் மாட்ட ஆசாரிக்குச் சொல்லியிருக்கிறேன். காலிங் பெல் இருக்கிற வீட்டுக்கு இது எதுக்கு என்று அம்மா கேட்டாள். நான் வளையத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்தவள், இனிப்பு டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"துன்னுறியா?"

வேணாம் என்று வாய்வரை வந்தது.

"குடும்மா" என்றேன், முதல் தடவையே.