தேசிக்காயும் தேனும்

ஜூன் 12, வியாழன்

கொளுத்தும் வெயில். பார்மசியில் சன்ஸ்கிரீன் அடுக்கும் வேலை. வாங்குவது வெள்ளைக்காரர் மட்டும். எங்கள் ஆட்களுக்கு அது தேவையில்லையாம்!

பதினொரு மணிக்குக் கவுண்டர் முன்னால் ஜெயா மச்சாள், என் கணவரின் தங்கை. கன்னம் இரண்டும் சிவந்து, கொப்புளம். மகள் துளசிக்கு அடுத்த சனி கல்யாணம்.

"என்னத்தைப் பூசினனீங்கள் மச்சாள்?"

"தேசிக்காய்ப் புளியும் தேனும். சுருக்கம் போகுமெண்டு. முந்தநாள் பூசிக்கொண்டு கார்டனில உடுப்புக் காயப்போட்டனான்."

எலுமிச்சைச் சாற்றோடு வெயிலில் நின்றால் தோல் எரியாமல் என்ன செய்யும்? யார் சொன்னது என்று கேட்டேன். "அதை விட்டிட்டு மருந்தைத் தாங்கோ" என்றார். பார்மசிஸ்ட் பார்த்துவிட்டு, உடனே டொக்டரிடம் போகச் சொன்னார்.

எரிச்சல் எரிச்சலாக வருகிறது. முட்டை வெள்ளை, வாழைப்பழத் தோல், உருளைக்கிழங்குச் சாறு... முகமா, குசினியா? சோதித்துப் பார்த்த கிரீம்கள் என் முதுகுக்குப் பின்னால் தட்டு நிறையக் கிடக்கின்றன. கேட்க ஒரு நாதியில்லை.

பால், கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

மழை. துளசி போன். அழுகை.

"மாமி, அம்மா வெடிங் போட்டோ ஒண்டிலயும் நிக்கமாட்டாவாம். ப்ளீஸ், வந்து கதையுங்கோ."

கொப்புளம் காய்ந்து பழுப்புப் படை. மறைய மாதக்கணக்கு ஆகலாம் என்றாராம் டொக்டர். பெற்ற தாய் இல்லாமல் கல்யாணப் படம்! சொல்லிக்கொடுத்தவள் மட்டும் கையில் கிடைக்கட்டும். அவள் கண்ணிலேயே தேசிக்காயைப் பிழிவேன்.

ஜூன் 15, ஞாயிறு

தூறல். மச்சாள் வீடு. திரைச்சீலை எல்லாம் இழுத்து மூடி, உள்ளே அவர்.

விடவில்லை நான். "ஆர் சொன்னதெண்டு இப்ப சொல்லுங்கோ. நான் போய்க் கேக்கிறன்."

"நீங்கள்தான் மச்சாள்."

"நானோ?"

"கோயில்ல எல்லாரும் உங்கட முகத்தைப் பார்த்துக் கேட்டவை. கிரீம் ஒண்டுமில்லை, தேசிக்காய்ப் புளியும் தேனும்தான் எண்டு சொன்னனீங்கள்."

சொன்னேன். கேட்பவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்வேன். கிரீம் என்றால், "ஓ, கடைப் பூச்சோ" என்று உதட்டைச் சுழிப்பார்களே. அந்த வெட்கம்.

கைப்பையைத் திறந்தேன். சுருக்கம் குறைக்கும் ரெட்டினோல் கிரீம். நாலு வருடப் பழக்கம். மேசையில் வைத்தேன். மச்சாள் கண்ணாடியைப் போட்டு லேபிளை முழுவதும் வாசித்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் இதோ?"

"ஓம்."

கிரீமை என் பக்கம் தள்ளினார். "துளசிக்காக நான் படத்தில நிக்கிறன். நீங்கள் எனக்குப் பக்கத்தில நிக்கவேண்டாம்."